நரைத்துப் போன கார் பிளாஸ்டிக்கை மறுபடி கருப்பாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

என்னுடையது 2014 மாடல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட், வெள்ளை நிறம். சென்னையில் கூரை இல்லாத பார்க்கிங். பெயிண்ட் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சக்கர வளைவுகளைச் சுற்றியும் கதவுகளுக்கு அடியிலும் பம்பர்களின் கீழ்ப்பாதியிலும் இருக்கும் சொரசொரப்பான கருப்பு பிளாஸ்டிக் முழுக்க விபூதி பூசியதுபோல ஆகிவிட்டது. அது ஒன்றே வண்டியின் வயதைக் கூட்டிக் காட்டியது.

இந்த வேலையை என் வண்டியில் இரண்டு முறை செய்திருக்கிறேன், அதில் முதல் முறை தப்பு. அப்புறம் மைத்துனரின் டஸ்டர், எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு பொலேரோ, ஒரு பழைய மாருதி 800 என்று மற்றவர்கள் செய்யும்போது கூட நின்றிருக்கிறேன். சறுக்குகிற இடம் எல்லோருக்கும் ஒன்றுதான், கருப்பாக்கும் ரெஸ்டோரர் பாட்டில் வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்துவிடுகிறார்கள். கருப்பு பூசுவது கடைசி முக்கால் மணி நேர வேலை, அதற்கு முன்னால் மூன்று மணி நேரம் அழுக்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

1. காசு செலவழிக்கும் முன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

ஒரு குவளைத் தண்ணீரை நரைத்த இடத்தில் ஊற்றி, ஈரத்தோடு பாருங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேல்தோலை அரித்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கிவிடுகிறது. அந்த வெடிப்புகளில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதைத்தான் நாம் வெளுப்பு என்கிறோம். தண்ணீர் அந்த இடுக்குகளை நிரப்பினால் சிதறல் குறையும், உள்ளே இருக்கும் கருப்பு தெரியும்.

ஈரத்தில் சீராகக் கருத்தால் நல்ல செய்தி, இந்த வழிகாட்டி உங்களுக்கு வேலை செய்யும். கருத்த பிறகும் திட்டுத் திட்டாக வெள்ளை நின்றால் அது போர் தண்ணீர் உப்பாகவோ பழைய பாலிஷாகவோ இருக்கும், 6-ஆம் படியில் வருகிறது. ஈரத்திலும் சாம்பலாகவே இருந்து, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டால் மேல்தோல் போய்விட்டது என்று அர்த்தம், நேராக 10-க்குப் போய்விடுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கருப்பாக இருப்பதெல்லாம் ஒரே சாமான் இல்லை. பம்பர், கிளாடிங் (சக்கர வளைவிலும் கதவுக்கு அடியிலும் வரும் அந்தச் சொரசொரப்பான பட்டை), வைப்பருக்குக் கீழே உள்ள கிரில் இவையெல்லாம் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் (கழற்றிப் பார்த்தால் பின்பக்கம் பி.பி. என்று அச்சு இருக்கும்), கருப்பு அதன் உடம்பிலேயே கலந்தது. கதவுக் கைப்பிடி, பக்கவாட்டுக் கண்ணாடியின் மூடி போன்றவை சில வண்டிகளில் கருப்பு பெயிண்ட் அடித்தவை, அது உரிந்தால் எந்தப் பாட்டிலும் காப்பாற்றாது. ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வரும் பீடிங் ரப்பர், அதற்கு வைத்தியம் வேறு.

2. சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியவை

நடுவில் கடைக்கு ஓடினால் தேய்த்த இடம் காய்ந்து அழுக்கு மறுபடி ஒட்டும், அதனால் எல்லாவற்றையும் முதல் நாளே எடுத்து வைத்துவிடுங்கள். கார் ஷாம்பு, இரண்டு வாளி, ஆல் பர்ப்பஸ் கிளீனர் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில், நடுத்தரக் கடினமுள்ள நைலான் பிரஷ் ஒன்று, பழைய டூத் பிரஷ் இரண்டு, மைக்ரோஃபைபர் துணி குறைந்தது ஆறு, அதில் இரண்டு துணியாவது வெள்ளையாகவோ வெளிர் நிறத்திலோ இருக்கட்டும். முக்கால் அங்குல மாஸ்கிங் டேப், கையுறை, பூசுவதற்கு ஒரு ஸ்பாஞ்ச், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், வெள்ளை வினிகர்.

பிறகு அந்த பாட்டில். கடையில் 'டிரிம் ரெஸ்டோரர்' என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சரக்கு விற்கிறார்கள். ஒன்று எண்ணெய் வகை, சிலிகான் சேர்ந்தது. பூசியதும் கருகருவென்று மின்னும், நாலைந்து மழை அல்லது வாட்டர் வாஷில் போய்விடும். இன்னொன்று இறுகும் வகை, செராமிக் என்றோ கோட்டிங் என்றோ எழுதியிருப்பார்கள், சின்னக் குப்பியில் வரும், விலையும் அதிகம். இது பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய படலமாகப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் நிற்கும்.

எது என்று தெரியவில்லையென்றால் பின்பக்கம் படியுங்கள். பூசிய பிறகு இத்தனை மணி நேரம் தண்ணீர் படக் கூடாது என்று போட்டிருந்தால் அநேகமாக இறுகும் வகை.

என் ஓட்டு இறுகும் வகைக்குத்தான். ஆனால் ஒன்று, எண்ணெய் வகையில் தப்பு செய்தால் கழுவிவிட்டு மறுபடி பூசலாம், இறுகும் வகையில் தப்பு செய்தால் அந்தத் தப்பும் மாதக்கணக்கில் நிற்கும்.

3. நாளும் நேரமும்

காலை ஆறரைக்குத் தொடங்குங்கள். வெயிலில் நின்ற கருப்பு பிளாஸ்டிக்கில் கை வைக்க முடியாது, அந்தச் சூட்டில் கிளீனர் தேய்க்கும் முன்பே காய்ந்து கறையாகும், ரெஸ்டோரர் துடைக்கும் முன்பே பிடித்துக்கொண்டு கோடு கோடாக நிற்கும். புறங்கையை வைத்துப் பார்த்துக் குளுமையாக இருந்தால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

நிழல் கட்டாயம். மரத்தடி நிழலைச் சொல்லவில்லை, பூசி முடித்து ஈரமாக இருக்கும்போது வேப்பம்பூ கொட்டினால் அப்படியே அச்சாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம், அடுத்த இரண்டு நாள் மழை இல்லை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

4. முழு வண்டியையும் கழுவுங்கள்

பிளாஸ்டிக்கை மட்டும் கழுவினால் போதாதா என்று மைத்துனர் கேட்டார். போதாது, பானெட்டிலும் கதவிலும் இருக்கும் தூசி நீங்கள் பிறகு அலசும்போது வழிந்து சுத்தம் செய்த இடத்துக்கே வந்து சேரும். மேலிருந்து கீழாக, ஷாம்பு ஒரு வாளி, அலசல் ஒரு வாளி. சக்கர வளைவின் உள்பக்க விளிம்பில் சேறு அடைந்திருக்கும், அங்கே விரலை விட்டு வழித்து எடுங்கள், இல்லாவிட்டால் பிரஷ் போடும்போது அந்த மண் வெளியே வந்து பெயிண்டைக் கீறும்.

5. தேய்ப்பு: வேலையே இதுதான்

ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும். ஒரு சக்கர வளைவு என்றால் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. கிளீனரைப் பாட்டிலில் சொன்ன அளவில் தண்ணீர் கலந்து அடியுங்கள், ஒரு நிமிடம் ஊறட்டும், காயக் கூடாது. பிறகு நைலான் பிரஷால் முதலில் நீளவாக்கில், அப்புறம் குறுக்கே, அப்புறம் வட்டமாக. பிளாஸ்டிக்கில் இருக்கும் அந்தச் சொரசொரப்பு சின்னச் சின்னப் பள்ளங்கள்தான், ஒரே திசையில் தேய்த்தால் பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரில் இருக்கும் அழுக்கு அப்படியே இருக்கும்.

முதல் சுற்றில் வருகிற நுரையைப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். கழுவிய வண்டிதானே என்று நினைத்திருப்பீர்கள், காபி டிகாக்‌ஷன் நிறத்தில் வழியும். அது மண் மட்டும் இல்லை, பழைய டயர் பாலிஷும் மட்கிப்போன மேல்தோலும் சேர்ந்தது. துடையுங்கள், அலசுங்கள், மறுபடி அடியுங்கள். என் வண்டியின் முன் இடது வளைவுக்கு நாலு சுற்று ஆயிற்று.

எப்போது நிறுத்துவது? வெள்ளைத் துணியை ஈரமாக்கி விரலில் சுற்றி அழுத்தித் தேயுங்கள். துணியில் சாம்பலோ பழுப்போ வருகிற வரைக்கும் வேலை முடியவில்லை. லேசான கருப்பு மட்டும் கடைசி வரை கொஞ்சம் வந்துகொண்டே இருக்கலாம், அது பிளாஸ்டிக்கின் நிறம், அதை விட்டுவிடலாம்.

நான் முதல் முறை தோற்றது இங்கேதான். அதற்கு முன்பு பல மாதங்கள் ஒரு வாட்டர் வாஷ் கடையில் ஒவ்வொரு முறையும் கிளாடிங் முழுக்க டயர் பாலிஷைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பார்க்க நன்றாக இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன். அந்த சிலிகான் பள்ளங்களுக்குள் ஊறிப்போயிருந்தது. நான் ஷாம்பு மட்டும் போட்டுக் கழுவிவிட்டு இறுகும் வகை ரெஸ்டோரரை அதன் மேல் பூசினேன். மூன்றே வாரத்தில் தோல் உரிவதுபோல அங்கங்கே விட்டுவிட்டு, சிறுத்தைப் புலி மாதிரி நின்றது வண்டி.

கம்பி பிரஷ், உப்புத்தாள் இரண்டும் கூடாது. சொரசொரப்பை ஒருமுறை சீவிவிட்டால் வீட்டில் அதைத் திரும்ப உண்டாக்க வழியே இல்லை. பெயிண்ட் தின்னரும் பெட்ரோலும் வேண்டாம், பிளாஸ்டிக் தாங்கினாலும் ஒரு அங்குலம் தள்ளியிருக்கும் பெயிண்ட் தாங்காது.

6. பிடிவாதமான வெள்ளைத் திட்டுகள்

போர் தண்ணீரில் கழுவும் வண்டிகளில் சொட்டு சொட்டாக வெள்ளை வட்டம் இருக்கும். கால்சியம் உப்பு, சோப்புக்கு அசையாது. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து இரண்டு மூன்று நிமிடம் ஒட்ட வையுங்கள், பிறகு டூத் பிரஷ், பிறகு நிறையத் தண்ணீர். அலசும் தண்ணீர் கேன் தண்ணீராக இருந்தால் நல்லது, மறுபடி போர் தண்ணீரையே ஊற்றிக் காயவிட்டால் அதே வட்டம் அதே இடத்தில் வரும்.

பெயிண்டை ஒட்டிய ஓரங்களில் கோடாக இருக்கும் வெள்ளை, வாக்ஸ் அல்லது பாலிஷ். பானெட்டுக்கு பாலிஷ் போட்டபோது கை தவறிப் பட்டுப் பள்ளத்தில் காய்ந்துபோனது. ஹேர் டிரையரை அரை நிமிடம் காட்டி வாக்ஸை இளக்கிவிட்டு, கிளீனரும் டூத் பிரஷும். சின்ன இடமென்றால் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு வெள்ளை ரப்பரை எடுத்து அழிப்பதுபோல அழித்தாலே வந்துவிடும். சிரிக்காதீர்கள், நன்றாக வேலை செய்கிறது.

7. காய வைப்பது, ஆல்கஹால் துடைப்பு

துணியால் துடைத்தால் மேலே மட்டும்தான் காயும். கிளாடிங்குக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடுக்கில், கண்ணாடியின் மூட்டில், பம்பர் சேருமிடத்தில் தண்ணீர் ஒளிந்திருக்கும், நீங்கள் பூசி முடித்து நிமிரும் நேரம் பார்த்து ஒரு சொட்டு வழியும். வீட்டில் புளோயர் இருந்தால் அதை வைத்து இடுக்குகளை ஊதுங்கள். இல்லையென்றால் கதவுகளை நாலைந்து முறை திறந்து மூடி, வண்டியைத் தெருமுனை வரை ஒரு நடை ஓட்டி வாருங்கள், தண்ணீர் உதிரும். மண் ரோடாக இருந்தால் அந்த நடை வேண்டாம். அதன் பிறகு ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள், நீங்களும் போய் இட்லி சாப்பிடுங்கள்.

திரும்பி வந்ததும் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, எல்லா பிளாஸ்டிக்கையும் ஒருமுறை துடையுங்கள். கிளீனரே மெல்லிய சோப்புப் படலம் ஒன்றை விட்டிருக்கும், கைரேகை எண்ணெயும் இருக்கும், இந்தத் துடைப்பு அதற்காக. இதற்குப் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். ஆல்கஹால் தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம்.

இந்த நேரத்தில் பிளாஸ்டிக் முன்னைவிட வெளுப்பாகத் தெரியும். பொலேரோக்காரர் இதைப் பார்த்துவிட்டு "கெடுத்துட்டீங்களே தம்பி" என்றார். கெடவில்லை, இவ்வளவு நாள் எண்ணெய் மறைத்திருந்த நிஜ நிறம் இதுதான்.

8. டேப் ஒட்டுங்கள்

பெயிண்டும் பிளாஸ்டிக்கும் சேரும் கோடு முழுக்க, டேப் பெயிண்ட் மேல் இருக்கும்படி. வளைவுகளில் ஒரே நீளமாக ஒட்டினால் சுருங்கி இடைவெளி விழும், விரல் நீளத் துண்டுகளாகக் கிழித்து ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினால் வளைவு சரியாக வரும். வெள்ளை, சில்வர் வண்டி என்றால் இந்தப் படியைத் தாண்டவே தாண்டாதீர்கள், இறுகும் வகை பெயிண்டில் பட்டுக் காய்ந்தால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும்.

மாலைவரை டேப்பை விட்டுவைக்கவும் கூடாது. வெயில் பட்டால் அதன் பசை பெயிண்டில் தங்கிவிடும், அப்புறம் அதை எடுக்க ஒரு தனிக் கட்டுரை எழுத வேண்டியிருக்கும்.

9. இப்போது பாட்டிலைத் திறக்கலாம்

முதலில் பின் பம்பரின் அடியில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பூசிப் பத்து நிமிடம் பாருங்கள். நிறம் பிடிக்கிறதா, திட்டாகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். திட்டாகியிருந்தால் 5-க்குத் திரும்ப வேண்டியதுதான், வேறு வழி இல்லை.

சரியாக இருந்தால், கையுறை போட்டுக்கொண்டு, ஸ்பாஞ்சில் நாலைந்து சொட்டு மட்டும். இது பெயிண்ட் இல்லை, தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள், வழிந்தால் அதிகம். ஒன்றரை அடி நீளம் எடுத்துக்கொண்டு நீளமும் குறுக்குமாகத் தேய்த்துப் பள்ளங்களுக்குள் போக வையுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில், அதாவது பாட்டிலில் போட்டிருக்கும் நேரத்தில், சுத்தமான மைக்ரோஃபைபரால் அழுத்தாமல் மேலாக ஒற்றித் துடையுங்கள். இந்தத் துடைப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பூசியதைத் துடைத்தால் வீண்தானே என்று. பிடிக்க வேண்டியது பிடித்துவிட்டது, மேலே நிற்பது உபரி, அதுதான் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், காய்ந்து மேடு பள்ளமாகும்.

ஒரு பாகத்தின் நடுவில் நிறுத்திவிட்டு போன் எடுக்கப் போகாதீர்கள். ஒரு கதவின் கிளாடிங் என்றால் ஒரு மூட்டிலிருந்து அடுத்த மூட்டு வரை, ஒரே மூச்சில். நடுவில் விட்டால் அங்கே ஒரு கோடு விழும், சாயங்கால வெயில் சாய்வாகப் படும்போது அது மட்டும்தான் உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது தடவை பூசலாமா? ரொம்ப நரைத்த வண்டிக்குத் தேவைப்படும், பாட்டிலில் சொன்ன இடைவெளி விட்டு. மூன்றாவதுக்கு அவசியம் வந்ததில்லை. என் வண்டி முழுவதற்கும் 50 மில்லி குப்பியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போனது, அவ்வளவுதான்.

கடைசித் துடைப்பு முடிந்ததும் டேப்பை உரியுங்கள். உங்கள் பக்கமாக மடக்கி மெதுவாக.

10. ரெஸ்டோரர் ஏறாத பிளாஸ்டிக்குக்கு

ஹீட் கன் வைத்து ஊதினால் வெள்ளை சட்டென்று கருப்பாகும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அது உண்மைதான், வெடித்த மேல்தோல் சூட்டில் இளகி மூடிக்கொள்கிறது. ஆனால் பாலிபுரொப்பிலீன் ஏறக்குறைய 160 டிகிரியில் உருகும், ஹீட் கன்னின் வாயிலோ 300, 500 டிகிரி காற்று வருகிறது. ஒரே இடத்தில் மூன்று நொடி நின்றால் சொரசொரப்பு வழுவழுப்பாகிப் பளபளவென்று ஒரு வடு விழும், இன்னும் கொஞ்சம் நின்றால் பம்பர் நெளியும். தவிர எந்தப் பாதுகாப்பையும் இது சேர்ப்பதில்லை, சில மாதங்களில் மறுபடி வெளுக்கும், இரண்டு மூன்று முறைக்கு மேல் இளக்க அங்கே தோலும் இருக்காது. கழற்றி வைத்த பாகத்தில், கையை ஓட்டிக்கொண்டே, ஒரே ஒரு முறை செய்து உடனே ரெஸ்டோரர் பூசுவதென்றால் சரி. வண்டியில் மாட்டியபடி பெயிண்ட், கண்ணாடி, பீடிங் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

மாவு மாவாக வருகிற பிளாஸ்டிக்குக்குப் பெயிண்ட்தான். 5 முதல் 7 வரை எல்லாம் அப்படியே, கூடவே சாம்பல் நிற நைலான் ஸ்க்ரப்பரால் லேசாகச் சுரண்டி, பிளாஸ்டிக்குக்கான அட்ஹீஷன் ப்ரைமர் அடித்து, அதன் மேல் மேட் கருப்பு பம்பர் பெயிண்ட், மெல்லிசாக இரண்டு மூன்று கோட். பாலிபுரொப்பிலீனில் பெயிண்ட் இயல்பாக ஒட்டாது, ப்ரைமர் இல்லாமல் அடித்தால் முதல் பிரஷர் வாஷிலேயே தாள் தாளாக வரும். அபார்ட்மெண்ட் மாருதி 800-இன் பம்பருக்கு இதைத்தான் செய்தோம். பெயிண்ட் அடித்த பிறகு ரெஸ்டோரர் பக்கம் திரும்ப முடியாது, அதனால் இது கடைசிக் கட்டம்.

டீசல், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எல்லாமே அன்று சாயங்காலம் வரை கருப்புதான். டீசலும் மண்ணெண்ணெயும் பீடிங் ரப்பரை ஊறி உப்ப வைக்கும், தேங்காய் எண்ணெய் தெருத்தூசி மொத்தத்தையும் அழைத்து உட்கார வைக்கும், ஷூ பாலிஷ் முதல் மழையில் வெள்ளைக் கதவில் கண்மை கரைந்ததுபோல வழியும்.

11. முதல் இரண்டு நாளும் அதன் பிறகும்

பாட்டிலில் என்ன போட்டிருந்தாலும் நான் 48 மணி நேரம் தண்ணீர் காட்டுவதில்லை. காலையில் வண்டி துடைக்க வருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அவர் வழக்கம்போல ஈரத்துணியோடு வந்து நிற்பார். பனி பெய்யும் மாதமென்றால் முதல் இரவு மட்டும் யாரிடமாவது கேட்டு மூடிய பார்க்கிங்கில் விடுங்கள்.

பிறகு சாதாரண கார் ஷாம்பு போதும். வாட்டர் வாஷுக்கு விட்டால் கிளாடிங்கில் பாலிஷ் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் தடவிவிடுவார்கள். பெயிண்டுக்கு வாக்ஸ் போடும் நாளில் பிளாஸ்டிக் ஓரத்தில் டேப். தண்ணீர் ஊற்றும்போது முத்து முத்தாக உருண்டு ஓடுவது நின்று, படர ஆரம்பித்தால் படலம் தேய்கிறது என்று அர்த்தம். அப்போதே ஒருமுறை சுத்தம் செய்து ஒரு கை பூசிவிட்டால் மூன்று மணி நேரத் தேய்ப்பு மிச்சம்.

திறந்த குப்பியை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். இறுகும் வகை, காற்றின் ஈரம் பட்டாலே குப்பிக்குள் கட்டியாகிவிடும், எனக்கு ஒன்று அப்படிப் போனது. மிச்சத்தை வைப்பர் கிரில்லுக்குப் பூசினேன், அப்புறமும் இருந்ததை அப்பாவின் ஸ்கூட்டரில் பின் மட்கார்டுக்கு. கால் வைக்கும் இடத்துக்கும் பூசச் சொன்னார், செருப்பு வழுக்கும் என்று மறுத்துவிட்டேன்.